முள் இறங்கினால் சொல்லுங்க

"நாளைக்கு இருக்காரா?"

"இருக்கேன், இருக்கேன். யாரு, டெய்லரம்மாவா? வண்டிக்கு அடியில இருக்கேன். காலைப் பார்த்துப் பேசுங்க."

ஒரு லாரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துப் பெரியவள் பேசத் தொடங்கினாள். அந்த மெக்கானிக்குக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் "நாளைக்குப் பார்த்துடலாம்" என்று சொல்லிச் சொல்லி, தெருவே அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர் வைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபத்தையும் நாளைக்குப் பட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்.

"எங்க வண்டி திரும்பவும் நடுவழியில நின்னுடுச்சு."

"சரிம்மா, விட்டுட்டுப் போங்க. நாளைக்கு..."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா காலைப் பிடிச்சு வெளிய இழுத்துடுவேன். இன்னைக்குப் பார்க்கணும். சாயங்காலத்துக்குள்ள என்ன ஏதுன்னு தெரிஞ்சாகணும்."

"சாயங்காலத்துக்குள்ள என்ன அவசரம்?" என்றன கால்கள்.

"அது குடும்ப விஷயம்."

"அப்படின்னா எனக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கணுமே. ஓ, ஆஸ்பத்திரி வீடா? உங்க சின்னவங்க தனியாப் போறாங்களாமே."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. தன் வாயால் யாரிடமும் சொல்லாத விஷயம் லாரிக்கு அடியில் வரைக்கும் போயிருக்கிறது.

விஷயம் இதுதான். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இவளும் அவளும். பெரியவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைக்கிறாள். சின்னவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் இல்லை. படுக்கையோடு கிடப்பவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறவள். அதற்குத்தான் இந்தக் கார். கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பூந்தூறலாகப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் வாங்கியது. அந்தக் காலத்தில் அது பெரிய பவிசு. இப்போது பவிசு போய்விட்டது, பிடிவாதம் மட்டும் இருக்கிறது. கொஞ்ச நாளாக வழியில் நிற்கிறது. நோயாளிகள் காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வண்டியை நம்பி இருக்காதேம்மா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு வீடு காலியாகுது, புருஷனோட வந்து இரு. இங்கேயிருந்து எங்க வண்டியிலேயே போய்வரலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்கு இன்று சாயங்காலம் பதில் சொல்ல வேண்டும்.

அவர்கள் போய்விட்டால் பெரியவளுக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. கணவர் இருக்கிறார்தான். ஆனால் அவர் பேசுவதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது. எதைச் சொன்னாலும் "ம்" என்பார். ரொம்ப வற்புறுத்தினால் "ம்ம்" என்பார்.

இந்த வண்டி விஷயத்தில் மட்டும் அவர் வாயைத் திறந்து ஒரு கருத்துச் சொல்லியிருந்தார். "பேட்டரி."

"வண்டி ஸ்டார்ட் ஆகுதுங்க. ஓடுது. ஓடி, அப்புறம்தான் நிக்குது" என்றாள் பெரியவள்.

"பேட்டரி."

சுவர்க்கடிகாரம் நின்றாலும், மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலை சுற்றினாலும் அவருக்கு அது பேட்டரிதான்.

சின்னவளின் கணவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். அவர் போனில் தேடிப் படித்துவிட்டு, "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும், அண்ணி" என்றார். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து ஜன்னலோரம் வைத்து, சாப்பிடப் போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்தார். தண்ணீர் பிரியவில்லை. வீடுதான் நாறியது.

நாளைக்கு ஒருவழியாக வெளியே வந்து, துணியில் கை துடைத்துக்கொண்டார். வண்டியோடு வந்து வெளியே நின்றிருந்த சின்னவளைக் கூப்பிட்டார்.

"வாங்க நர்ஸம்மா. நானும் இதுக்கு எல்லா வைத்தியமும் பார்த்துட்டேன். ஃபில்டர் மாத்தியாச்சு. பம்புக்குக் கரண்ட் குடுக்குற ரிலே மாத்தியாச்சு. இன்ஜெக்டரைக் கழட்டிக் கழுவியாச்சு. என் ஷெட்டுல நிறுத்தி ஓட்டினா சமர்த்தா ஓடுது."

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுடற பிள்ளைங்க மாதிரி" என்றாள் சின்னவள்.

"அதேதான். இப்ப நீங்க சொல்லுங்க. நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுது?"

"கொஞ்ச தூரம் நல்லாத்தான் ஓடும். அப்புறம் இழுவை குறையும். மிதிச்சா மிதிச்ச அளவுக்குப் போகாது. அப்புறம் தும்மும். அப்புறம் நின்னுடும்."

"திரும்ப எப்பக் கிளம்பும்?"

"சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும். பேஷன்ட் வீட்டுக்குப் போன் பண்ணி, லேட்டாகும்னு சொல்லி, அவங்க திட்டறதைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள கிளம்பிடும்."

"ம்."

"இன்னொண்ணு இருக்கு. சொன்னாச் சிரிப்பீங்க."

"சொல்லுங்க."

"டாங்க் நிறையப் பெட்ரோல் போட்ட அன்னைக்குச் சீக்கிரம் நின்னுடுது. கம்மியா இருந்தா ரொம்ப தூரம் ஓடுது."

பெரியவள்தான் சிரித்தாள். "அப்படியே உன் புருஷன்தான். வயிறு நிறைஞ்சா உட்கார்ந்த இடத்துலயே சாஞ்சுடுவான்."

"அக்கா, உங்க கொழுந்தன் பெருமையை ஷெட்டுலயும் பேசணுமா?"

நாளைக்கு சிரிக்கவில்லை. மோவாயைச் சொறிந்தார். மோவாயில் கரி ஏறியது. "எனக்கு இது பிடிபடல. ஆனா சும்மா சொல்ற விஷயம் இல்ல இது" என்றவர், உள்ளே போய் வட்டமான ஒரு மீட்டரையும் நீளமான குழாயையும் கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் போகும் பாதையில் குழாயைப் பொருத்தி, பானெட்டின் ஓரமாக வெளியே எடுத்து, மீட்டரை முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார். உள்ளே உட்கார்ந்தால் கண்ணெதிரே முள் தெரிந்தது.

"பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்துல தள்ளிக்கிட்டு வருதுன்னு இது காட்டும். ரெண்டரைக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும். வண்டி தும்மும்போது முள்ளும் இறங்கிச்சுன்னா பெட்ரோல் வரலைன்னு அர்த்தம். முள் அசையாம வண்டி மட்டும் நின்னுதுன்னா, கோளாறு வேற எங்கயோ. ஓட்டறவங்க ரோட்டைத்தான் பார்க்கணும். முள்ளைப் பார்க்க ஒரு ஆள் வேணும்."

"நீங்க வாங்க."

"லாரி ஜாக்கியில நிக்குது. அதை விட்டுட்டு எங்க வர்றது?"

"அப்ப நான் பார்க்கிறேன்" என்றாள் பெரியவள். "ஊசியில நூல் கோக்கிற கண்ணு இது. முள்ளு தெரியாதா?"

"முள் இறங்கினா சொல்லுங்க. அவ்வளவுதான் வேலை" என்றார் நாளைக்கு.

போகிற வழியில் டாங்கை நிறைய நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். பெரியவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மீட்டரை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"ரெண்டே முக்கால்."

"சரிக்கா."

"இப்பவும் ரெண்டே முக்கால்."

"மாறினா மட்டும் சொன்னாப் போதும்கா."

"மாறாததையும் சொன்னாத்தான் மாறினது தெரியும். நான் அளவெடுத்தே பொழைக்கிறவ. எனக்குச் சொல்லித் தராத."

கடைத்தெரு முடிந்து, மரச்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் சாலைக்கு வந்தார்கள். ஒரு கடைக்காரர் புதுக் கட்டிலை வெளியே போட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த வீட்டைப் பத்தி..."

"மூணு. மேடு ஏறுறோம் பாரு, அதான் மூணு."

"வீட்டைப் பத்திப் பேசணும்கா."

"பேசு. நான் முள்ளைப் பார்த்துக்கிட்டே கேக்கிறேன்."

"உங்களுக்குக் கோபமா?"

"எனக்கென்ன கோபம். அவங்கவங்களுக்கு அவங்கவங்க சௌகரியம்."

"நீங்க இப்படிச் சொன்னாக் கோபம்னு அர்த்தம்."

"கோபமா இருந்தாக் கோபம்னு சொல்லியிருப்பேனே. ரெண்டே முக்கால்."

சின்னவள் கியரை மாற்றினாள். 

"நான் வண்டிக்காக மட்டும் போறேன்னு நினைக்காதீங்க."

பெரியவள் வண்டிதான் காரணம் என்று நினைத்திருந்தாள். வண்டி சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே காலையிலிருந்து ஒரு மெக்கானிக்கின் கால்களோடு மல்லுக்கட்டினாள்.

"பின்ன எதுக்கு?" என்றாள். 

"தினமும் வண்டி நின்னு நின்னு லேட்டாத்தான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் நீங்க சாப்பிடறதில்ல. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. அதுவும் அந்த முட்டியை வச்சுக்கிட்டு. பகல் முழுக்க யார் யார் முட்டிக்கோ ஒத்தடம் குடுக்கிறேன். என் வீட்டுல இருக்கிற முட்டியை நானே கெடுக்கிறேன். நான் அங்க போயிட்டா, நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுப்பீங்க இல்ல?"

"நான் சாப்பிடலைன்னு உனக்கு யாரு சொன்னது? நீ வரும்போது தட்டைக் கழுவிட்டுத்தானே இருப்பேன்."

"சுத்தமான தட்டை. மாமா சொன்னாரு."

"யாரு? அவரா? பேசினாரா?"

"'அவ சாப்பிடறதில்ல'ன்னு சொன்னாரு."

"முழுசா ஒரு வாக்கியம். அதையும் என்கிட்ட சொல்லல பாரு."

"அக்கா, சிரிப்புல நழுவாதீங்க. நான் உங்களுக்காகத்தான் போறேன்."

பெரியவளின் கண் மீட்டரின் மேல்தான் இருந்தது. ஆனால் அவள் பார்த்தது மீட்டரை இல்லை. இவள் போகிறாள். என்னைப் பிடிக்காமல் இல்லை, வீடு பிடிக்காமல் இல்லை. என் முட்டிக்காகப் போகிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது, முட்டியையா கழற்றி வைப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி ஒருமுறை தும்மியது. மறுபடியும் தும்மியது. சின்னவள் ஓரம் கட்டுவதற்குள் அடங்கிப்போனது.

"முள் எங்கக்கா இருக்கு?"

"ஒண்ணுக்குக் கீழ."

"இறங்கினாச் சொல்லணும்னு சொன்னாரே."

"நீ பேசினதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரே நேரத்துல ரெண்டும் எப்படி?"

சின்னவள் நாளைக்குக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"முள் இறங்கிடுச்சா? நல்லது" என்றார் அவர்.

"நல்லதா?"

"அப்ப பெட்ரோல்தான். நீங்க போனதிலிருந்து அந்த டாங்க் நிறைஞ்ச விஷயத்தையே யோசிச்சுக்கிட்டிருந்தேன். சாவியைத் தொடாதீங்க. டெய்லரம்மா பின்னாடி போய் டாங்க் மூடியைத் திறக்கட்டும். மெதுவா. காதை வச்சுக் கேட்டுக்கிட்டே திறக்கணும்."

பெரியவள் இறங்கிப் போய் மூடியைத் திருகினாள். அது லேசில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருகியதும் 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம்.

"மூச்சு விடுது" என்று கத்தினாள்.

"விடலம்மா, இழுக்குது" என்றார் போனுக்குள்ளிருந்து நாளைக்கு. அவர் குரலில் இப்படி ஒரு உற்சாகத்தை யாரும் கேட்டதில்லை. "பெட்ரோல் வெளிய போகப் போக, அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும். மூடியில அதுக்கு ஒரு சின்ன வழி விட்டிருப்பாங்க. அது அடைச்சிருக்கு. காத்து வராத டாங்க்லேர்ந்து பம்பு எவ்வளவுதான் இழுக்கும்? டாங்க் நிறைய இருந்தா உள்ள காத்தே கொஞ்சம்தான், அதான் சீக்கிரம் திணறுது. சும்மா நின்னா இடுக்கு வழியா மெல்லக் காத்து ஏறிடும், அதான் திரும்பக் கிளம்புது. மூடியோட அடிப்பக்கத்தைப் பாருங்க. அழுக்கு ஏதாவது இருக்கா?"

பெரியவள் மூடியைத் திருப்பினாள்.

அழுக்கு இல்லை. ரப்பர் வளையத்துக்கு உள்ளே, ஓரம் பிசிறாமல், வட்டமாக ஒரு பாலிதீன் தாள் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி மாதிரி இருந்ததால் சட்டென்று பார்த்தால் தெரியாது. ஆனால் தான் வெட்டியதை எந்தத் தையல்காரிக்கும் அடையாளம் தெரியும். புதுச் சட்டை சுற்றி வருகிற கெட்டியான உறை அது. வெட்டியது அவளுடைய பெரிய கத்தரி.

"ஏய், இங்க வா" என்றாள். "இது நான் வச்சது."

"என்னது?"

"இதுதான். பெட்ரோல் நாத்தத்துல தலையை வலிக்குது, துணியெல்லாம் நாறுது, பேஷன்ட்டெல்லாம் மூக்கைப் பொத்தறாங்கன்னு நீ சொல்லிக்கிட்டே இருந்தியே. மோந்து பார்த்தேன். மூடிகிட்டேர்ந்துதான் வந்துது. ஒரு வட்டம் வெட்டி உள்ள வச்சேன்."

"வாசனை நின்னுடுச்சேன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்."

"வாசனையும் நின்னுச்சு. வண்டியும் நின்னுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?"

"இதைப் போய் என்னன்னு சொல்றது? எண்ணெய் பாட்டிலுக்கு வச்சேன், ஃபிளாஸ்குக்கு வச்சேன், மாமாவோட இருமல் மருந்துக்கு வச்சேன், உன் ஷாம்பூ சிந்துதேன்னு அதுக்கும் வச்சேன். எதையாவது சொல்லிட்டா வச்சேன்?"

சின்னவள் அப்படியே நின்றாள். "ஷாம்பூவுக்கா? அது தீர்ந்துபோச்சுன்னு நான் புதுசு வாங்கிட்டேனே."

"தீரலையே. பாதி இருக்கு."

"அமுக்கி அமுக்கிப் பார்த்துக் கை வலிச்சுதுக்கா."

போனுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நாளைக்கு சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சின்னவளும் வண்டியின் மேல் கை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். இங்கேயும் ஒரு கடைவாசலில் கட்டில்மேல் படுத்திருந்த கடைக்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

"அப்ப பாரு" என்றாள் பெரியவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வண்டியை நிறுத்தினது நான். நீ லேட்டா வந்தது என்னால. நான் கேட்டுல நின்னது..."

"உங்களாலதான்."

"என் முட்டியைக் கெடுத்தது?"

"நீங்களேதான். நான் இல்ல. எனக்கு இப்பத்தான் நிம்மதி."

பெரியவளுக்குச் சிரிப்பு மெல்ல அடங்கியது. போகாதே என்று இப்போது கேட்டுவிடலாம். நாக்கு நுனியில் நின்றது. கேட்டால் இவள் இருந்துவிடுவாள் என்பதும் தெரிந்தது. அதனாலேயே கேட்கத் தோன்றவில்லை.

"இங்க பாரு பொண்ணே. வண்டி சரியாயிடுச்சே, அக்கா முகம் வாடுமேன்னு நீ இருக்க வேண்டாம். போகணும்னு தோணினாப் போ. நான் நேரத்துக்குச் சாப்பிடறேன். இது சத்தியம். நீ போன்ல கேட்டா மென்னு காட்டறேன்."

பெரியவள் வட்டத்தை உருவிக்கொண்டு, மூடியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும், சின்னவள் சாவியைத் திருப்பினாள். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. முள் துள்ளி ஏறி, தன் இடத்தில் போய் நின்றது.

"ரெண்டரை" என்றாள் பெரியவள், பழக்கத்தில். "எங்க போற? ஷெட்டு அந்தப் பக்கம்."

"நின்ன தூரத்துக்கு மேல ஓட்டிப் பார்க்க வேண்டாமா?"

ஓட்டினாள். பாலத்தைத் தாண்டி, பழைய ஆலைச் சுவர் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி, மறுபடியும் பாலத்துக்கு வந்தாள். வழியெல்லாம் பேச்சுத்தான். கால் முறிந்து படுத்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி, சின்னவள் கட்டுப்போட வரும்போதெல்லாம் பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாராம். வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று சின்னவளிடம் உறுதிமொழி வாங்கியிருக்கிறாராம். பெரியவள், தன்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். அவள் இளைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பழைய அளவு வேண்டாம் என்று அடம்பிடிக்கிறாளாம். நடுநடுவே "ரெண்டே முக்கால்" என்றும் சொல்லிக்கொண்டாள். முள் இறங்கவே இல்லை.

"நாத்தம் திரும்ப வருது" என்றாள் பெரியவள், மூக்கைச் சுளித்து.

"வரட்டும்கா."

ஷெட்டுக்குத் திரும்பியபோது நாளைக்கு லாரியை விட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தார். அந்த வட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கச்சிதமா வெட்டியிருக்கீங்கம்மா. மூடியை நானும் எத்தனையோ தடவை கையில எடுத்திருக்கேன். கம்பெனியில வச்சதுன்னு விட்டுட்டேன். ரிலேயையும் ஃபில்டரையும் வீணா மாத்தினேன் பாருங்க" என்று தலையில் தட்டிக்கொண்டார். "காத்து வர்ற வழியோட புது மூடி போட்டுடலாம். நாத்தம் வராது. பம்புதான் இத்தனை நாளும் மூச்சு முட்டி இழுத்திருக்கு. கொஞ்சம் நொந்திருக்கும். பின்சீட்டுக்கு அடியில 'ங்ஙீ'ன்னு சத்தம் பெருசா வர ஆரம்பிச்சா உடனே கொண்டுவாங்க."

"கொண்டுவந்தா?"

"அன்னைக்கே பார்த்துடறேன்" என்றார். சொன்னபிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெரியவளின் கணவர் நடந்தே வந்து சேர்ந்தார். இவ்வளவு நேரம் வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். பானெட்டைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"பேட்டரியா?"

"பேட்டரி இல்ல. நான்தான்" என்றாள் பெரியவள். "நான் சாப்பிடறதில்லன்னு நீங்க பேசினீங்களாமே. வீட்டுக்கு வாங்க, மிச்சத்தை என்கிட்டயும் பேசுங்க."

"ம்" என்றார். கொஞ்சம் பயந்த 'ம்'.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சின்னவள் போனை எடுத்துக்கொண்டு, ஷெட்டின் ஓரத்தில் டயர்கள் அடுக்கியிருந்த பக்கம் ஒதுங்கினாள். பெரியவளுக்கு அந்த நேரத்தில் டயர்களைப் பார்க்க வேண்டிய வேலை வந்துவிட்டது. ஒவ்வொரு டயராகத் தடவிப் பார்த்துக்கொண்டே கிட்டத்தில் போனாள்.

"வணக்கம் மேடம். அந்த வீட்டு விஷயமாத்தான்... ஆமா மேடம்... இல்ல, வேற யாருக்காவது குடுத்துடுங்க... வண்டி சரியாயிடுச்சு மேடம்... மூடியில அடைப்பு... எங்க அக்கா கண்டுபிடிச்சாங்க... மெக்கானிக் இல்ல மேடம், டெய்லர்."

அந்தப் பக்கம் மேடம் ஏதோ நீளமாகச் சொன்னார். சின்னவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவளின் கை ஒரே டயரிலேயே நின்றுவிட்டது.

"வீடு நல்ல வீடுதான் மேடம். குறை ஒண்ணும் இல்ல. ஆனா அங்க வந்துட்டா, அன்னன்னைக்கு நடந்ததையெல்லாம் நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?... அவரா? அவரு நல்லா சாப்பிட்டாத் தூங்கிடுவாரு மேடம்."

"என்னம்மா, அந்த டயரையே தடவிக்கிட்டு நிக்கறீங்க?" என்று கேட்டார் நாளைக்கு.

"ஒண்ணுமில்ல. காத்து இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்கா?"

"இருக்கு" என்றாள் பெரியவள்.